ராயப்பேட்டை மொட்டை மாடியில் இருந்து அந்தமானுக்கு பேசலாம்: 10 மீட்டர் கம்பி போதும்!

சென்னை:-

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந்தேதி சுனாமி தாக்கியபோது அந்தமானில் தொலைபேசிகள் செயலிழந்தன. அப்போது போர்ட் பிளேரில் முகாமிட்டு இருந்த 'ஹாம் ரேடியோ' பெண்மணி பாரதி பிரசாத்தும் அவரது குழுவினரும்தான், அங்கிருந்தவர்களின் நிலைமையை ரேடியோ மூலம் வெளியே சொன்னார்கள்.

ராயப்பேட்டையில் இருந்து போர்ட் பிளேர் சுமார் 1,360 கி.மீ. நடுவில் முழுக்க கடல். டவர் கிடையாது. அப்புறம் எப்படி பேச்சு போகுது?

பூமிக்கு மேலே 100 கி.மீ.க்கும் அதிக உயரத்தில் அயனி மண்டலம் இருக்கிறது. ரேடியோ அலை அதில் பட்டு, சுவரில் அடித்த பந்து மாதிரி தரைக்கு திரும்புகிறது. எந்த அலை திரும்பும் என்பது சூரியன் கையில் உள்ளது.

எந்த நேரத்துக்கு எது?

* 20 மீட்டர் பேண்டு (14 மெகாஹெர்ட்ஸ்): பகலில் தூரத்துக்கு கைகொடுப்பது இதுதான்.

* 40 மீட்டர் (7 மெகாஹெர்ட்ஸ்): பகலில் சில நூறு கி.மீ. இருட்டிய பிறகு ஆயிரக்கணக்கான கி.மீ. போகும்.

* 10 மீட்டர் (28 மெகாஹெர்ட்ஸ்): சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை சூரியனில் கரும்புள்ளிகள் பெருகும்போது, குறைந்த பவரிலேயே கண்டம் தாண்டும். மற்ற காலத்தில் பெரும்பாலும் சத்தமே இருக்காது.

ஆன்டெனா கட்டுவது எப்படி?

143-ஐ மெகாஹெர்ட்சால் வகுத்தால் கம்பியின் நீளம் மீட்டரில் கிடைக்கும். 14.2-க்கு சுமார் 10 மீட்டர். அதை நடுவில் வெட்டி, பக்கத்துக்கு 5 மீட்டராக இழுத்துக் கட்டி, நடுவில் கேபிளை இணைத்தால் 'டைபோல்' ரெடி. 40 மீட்டர் பேண்டுக்கு 20 மீட்டர் கம்பி வேண்டும். நம்ம ஏரியா மாடிகளில் அவ்வளவு இடம் கிடைப்பது கஷ்டம். இடம் இல்லாதவர்கள் செங்குத்து ஆன்டெனா வைக்கலாம்.

டைபோல் 10 மீட்டர் உயரத்திலாவது இருக்கணும். தாழ்ந்தால் அலை தலைக்கு மேலே போய் பக்கத்து ஊரிலேயே விழும். கம்பியை வடக்கு-தெற்காக கட்டினால் அலை கிழக்கே, அந்தமான் பக்கம் பாயும். பவரை கூட்டுவதை விட இதுதான் முக்கியம்.

ஜாக்கிரதை!

மின்கம்பி பக்கம் ஆன்டெனா போகவே கூடாது. உயிருக்கு ஆபத்து. மத்திய அரசின் தேர்வு எழுதி உரிமம் வாங்காமல் பேசுவதும் குற்றம்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் செல்போன்கள் ஊமையானதை மறந்திருக்க மாட்டீங்க. அந்த மாதிரி நாளில் பேசணும் என்றால், கம்பியை இப்பவே கட்டிப் பழகணும்.