மான் வேட்டைக்கு எந்தக் காலிபர்? பிரிட்டன் கணக்கு

பிரிட்டனில் ஓநாய் அற்றுப்போய்ப் பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. மானைக் கட்டுக்குள் வைக்க இயற்கையில் ஆள் இல்லை. வேட்டை சட்டப்படியே நடக்கிறது. அதற்காகக் கையில் கிடைத்த ரைஃபிளோடு கிளம்பிவிட முடியாது.

காலிபர் என்பது குழலின் விட்டம், அவ்வளவுதான். அது பெருசா இருந்தா பவரும் அதிகம்னு பலரும் நினைக்கிறாங்க. சட்டம் அப்படி விட்டுவிடவில்லை. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும் 1991ஆம் ஆண்டு மான் சட்டம், காலிபர் 0.240 அங்குலத்துக்குக் குறையக்கூடாது என்பதோடு, குழலை விட்டு வெளியேறும் குண்டின் ஆற்றல் 1,700 அடி-பவுண்டாவது இருக்க வேண்டும் என்கிறது. குண்டு பட்டதும் விரியும் வகையாகவும் இருக்கணும். ஊசி மாதிரி துளைத்துக்கொண்டு போனால் மான் உடனே சாகாது. காயத்தோடு ஓடி எங்கேயோ புதரில் கிடந்து சாகும். (நம்மூர் கேளையாட்டின் சீன உறவான முண்ட்ஜாக், சீன நீர்மான் ஆகிய சிறு இனங்களுக்கு மட்டும் சலுகை உண்டு.)

ஸ்காட்லாந்து காலிபரைப் பார்ப்பதில்லை. குண்டின் எடை, வேகம், ஆற்றல் மூன்றையும் கேட்கிறது. ரோ மானுக்கு 50 கிரெயின், நொடிக்கு 2,450 அடி, 1,000 அடி-பவுண்டு. செம்மானுக்கு ஆற்றல் 1,750. ஆக, .223 ரைஃபிளால் ரோ மானை ஸ்காட்லாந்தில் சுடலாம். எல்லை தாண்டித் தெற்கே வந்தால் அதே ரைஃபிள், அதே மான், ஆனால் குற்றம்.

ஆற்றலை நாமே கணக்கிடலாம்: கிரெயினில் எடை × வேகம் × வேகம் ÷ 4,50,240. பிரபலமான .243இல் 100 கிரெயின் குண்டு 2,960 அடி வேகத்தில் போனால் 1,946 வருகிறது. நல்ல மார்ஜின்தான். ஆனால் பெட்டியில் அச்சிட்ட வேகம் பெரும்பாலும் 24 அங்குலச் சோதனைக் குழலில் அளந்தது. உங்கள் குழல் குட்டையானால் வேகம் குறையும். 2,700க்கு இறங்கினால் ஆற்றல் 1,619, இங்கிலாந்தில் சட்டமீறல். காலிபர் சரியாக இருந்தும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

ஈயத்தை விட்டுச் செம்புக்கு மாறுவோருக்கு இன்னொரு சிக்கல். செம்பு அடர்த்தி குறைவு, அதனால் அதே எடைக்குக் குண்டு நீளும், பல.243 குழல்களின் முறுக்கு அதை நிலையாகச் சுழற்றாது. இதை உணர்ந்துதான் ஸ்காட்லாந்து 2023இல் பெரிய மான்களுக்கான குறைந்தபட்ச எடையை 100இலிருந்து 80 கிரெயினாகக் குறைத்தது.

ஒரே ரைஃபிள்தான் என்றால் நான் .308 பக்கம். 150 கிரெயின் குண்டு 2,820 அடியில் சுமார் 2,650 தரும். குட்டைக் குழலும் செம்பும் பிரச்சினையில்லை. தோளில் உதை கொஞ்சம் கூடுதல். ரோ மான் மட்டும்தான் என்றால் .243 போதும், குழலை நீளமாக வாங்குங்கள். போலீஸ் தரும் சான்றிதழிலேயே காலிபர் எழுதப்பட்டிருக்கும். பிறகு மாற்ற நினைத்தால் மறுபடி அவர்களிடம்தான் விண்ணப்பிக்கணும்.