முற்றத்துப் புல்லில் முளைக்கும் களைகள்

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலைச் சூழ்ந்த புல்வெளியைக் கண்டு திரும்புவோர்க்கு, தம் முற்றத்திலும் அவ்வாறு புல் வளர்க்கும் ஆசை எழுவது இயல்பே. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் புல்லைவிடக் களையே முந்தி நிற்கும்.

புல்லின் இலை குறுகியது. நரம்புகள் இணையாக ஓடும். அகன்ற இலையும் வலைபோன்ற நரம்பும் காணின் அது களையே. மூக்கிரட்டை, அம்மான் பச்சரிசி, வெட்டுக்காயப் பூண்டு, புளியாரை ஆகியன இவ்வகையின. மூக்கிரட்டையைக் கீரையாகச் சமைப்போரும் உண்டு. எல்லாவற்றையும் பகையெனக் கொள்ள வேண்டுவதில்லை.

பகையெனத் தக்கது பார்த்தீனியம். 1950களில் புனேயில் கண்டறியப்பட்ட இவ்வயல்நாட்டுச் செடி ஒன்றே பல்லாயிரம் விதைகளைச் சிந்தும். தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் தரும். குழந்தைகள் விளையாடும் தரையில் இதனை விட்டுவைத்தல் தகாது. பூக்குமுன், மண் ஈரமாயிருக்கையில், கையுறையணிந்து வேரோடு பிடுங்குக.

உப்பு நீர் ஊற்றுவோர் புல்லையும் மண்ணையும் சேர்த்தே கெடுக்கின்றனர். 2,4-டி மருந்து புல்லை விடுத்து அகன்ற இலைகளைக் கொல்லும். எனினும் கடற்காற்றில் பறந்து அண்டை வீட்டுத் தக்காளியையும் சுருட்டிவிடும். வீட்டு முற்றத்திற்கு அதனைப் பரிந்துரைக்க மனம் ஒப்பவில்லை.

புல்லை ஒட்ட வெட்டாது இரண்டு அங்குலம் விட்டால், அதன் நிழலில் களை விதை எளிதில் முளைக்காது. எருவும் நன்கு மக்கியதாயிருக்கட்டும்; மக்காத சாணத்தில் மாடு தின்ற களைகளின் விதை உயிரோடிருக்கும்.