வீட்டை விற்குமுன்

சென்ற மாதத்தில் ஒரு நாள் நெசவுத் தொழிலாளி ஒருவர், தமது வீட்டுக்குக் கிரயப் பத்திரம் எழுதித் தரவேண்டுமென்று நம்மை நாடி வந்தார். பத்திரிகை நடத்த முன்வந்தபின்னும் வக்கீல் தொழிலை நாம் அடியோடு விட்டுவிடவில்லையாதலால், இத்தகைய காரியங்களுக்காகச் சிலர் நம்மிடம் வருவதுண்டு. வீட்டை விற்பானேன் என்று வினவினோம். மனைவிக்கு மார்பில் புற்றுநோய் என்றார். தாலி நீங்கலாக நகைகள் யாவும் முன்னரே அடகுக் கடைக்குப் போய்விட்டன; அப்பணம் தனியார் வைத்தியசாலை ஒன்றில் பரிசோதனைகளுக்கும் சத்திரசிகிச்சைக்குமாகக் கரைந்துவிட்டது. இனி மருந்து ஏற்றுவதற்கும் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கும் பணம் வேண்டும். மிஞ்சியிருப்பது வீடு ஒன்றே.

சர்க்கார் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேட்டோம். குடும்ப அட்டையோடு சேர்த்துப் பையில் பத்திரமாக வைத்திருந்த அதனை எடுத்து நீட்டி, "இது இருதய ஆபரேஷனுக்கு மட்டுந்தானே, ஐயா?" என்றார். பல வருஷங்களாகத் தம் வீட்டிலேயே கிடந்த அட்டை புற்றுநோய்க்கும் உதவும் என்பதை அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. அவர் சென்ற வைத்தியசாலையாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிரயப் பத்திரம் எழுதப்படவில்லை. ஆயின் போன நகை போனதுதான்.

அது ஏன் திரும்பாது என்பதை நமது வாசகர்கள் நன்கு மனத்திற் கொள்ளவேண்டும். இந்நாட்டில் ஏழை நோயாளிக்கென்று ஏற்பட்டுள்ள பொது உதவிகளிற் பெரும்பாலானவை, இனி நடக்கவேண்டிய சிகிச்சைக்காக வைத்தியசாலைக்கு நேரே செலுத்தப்படுவன. கைப்பணத்தைச் செலவிட்டுவிட்டுப் பின்னர் ரசீதுகளைக் காட்டுவோருக்கு அவை பயன்படுவதில்லை. நமது ஜனங்களோ முதலில் நகையை விற்கிறார்கள். பின்பு கடன் வாங்குகிறார்கள். பின்பு நிலத்தையும் வீட்டையும் விற்கிறார்கள். யாவும் தீர்ந்தபின்னரே உதவி தேடப் புறப்படுகிறார்கள். இந்த வரிசை தலைகீழாக மாறவேண்டும். விண்ணப்பம் முதலிலும் விற்பனை கடைசியிலும் நிற்கவேண்டும்.

2012ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் தொடங்கப்பெற்ற முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், 2018ல் மத்திய சர்க்காரின் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்துக்கு, வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை அது பொறுப்பேற்கிறது. புற்றுநோய்க்குரிய சத்திரசிகிச்சை, மருந்துச் சிகிச்சை, கதிர்வீச்சு ஆகிய மூன்றும் அதில் அடங்கும். சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலும், திட்டத்திற் சேர்ந்த தனியார் வைத்தியசாலைகளிலும் அது செல்லும். ஆகையால் வைத்தியசாலையின் படியேறுமுன் அது திட்டத்திற் சேர்ந்ததா என்று விசாரித்தறிவது அவசியம். அட்டை இல்லாதோர் குடும்ப அட்டை, ஆதார் அட்டை, வருமானச் சான்று இவற்றோடு ஜில்லா கலெக்டர் காரியாலயத்திலுள்ள பதிவு நிலையத்தை அணுகலாம்.

காப்பீட்டில் இடம்பெறாத, வறுமைக்கோட்டுக்குக் கீழ்ப்பட்ட நோயாளிகளுக்கு, 2009ல் ஏற்படுத்தப்பட்ட மத்திய சுகாதார மந்திரியின் புற்றுநோயாளர் நிதி இருக்கிறது. மண்டலப் புற்றுநோய் மையங்களின் வாயிலாக அது வழங்கப்படுகிறது. அடையாறு புற்றுநோய் நிலையம் அவற்றில் ஒன்று. 1948ல் அகதிகளின் துயர் துடைக்கத் தொடங்கப்பட்ட பிரதம மந்திரியின் தேசிய நிவாரண நிதியும் இன்று புற்றுநோய் வைத்தியத்துக்கு ஒரு பகுதி உதவுகிறது. உத்தேசச் செலவைக் குறித்து வைத்தியசாலை தரும் சான்றோடு பிரதமரின் காரியாலயத்துக்கு விண்ணப்பிக்கவேண்டும். சிகிச்சைக்காக ரயிலிற் செல்லும் புற்றுநோயாளிக்கு இரண்டாம் வகுப்புத் தூங்கும் வண்டியிற் கட்டணமே இல்லை. துணைக்குச் செல்பவர் காற்பங்கு கொடுத்தாற் போதும். அதற்குரிய சான்றில் வைத்தியசாலையின் கையொப்பம் வேண்டும்.

இவற்றைக் கேட்டுப் பெறுவது பிச்சையெடுப்பதாகாதோ என்று சில கௌரவமான குடும்பத்தார் கூசுகின்றனர். அந்தக் கூச்சத்துக்குச் சிறிதும் இடமில்லை. சோப்பு வாங்கினாலும் துணி வாங்கினாலும் நாம் வரி செலுத்துகிறோம். அப்பணமே இவ்வுதவிகளாகத் திரும்பி வருகிறது. உரிய காலத்தில் சிகிச்சையளிக்கச் சர்க்கார் ஆஸ்பத்திரி தவறுவது, ராஜ்ய அமைப்புச் சட்டம் உறுதி செய்துள்ள உயிர் வாழும் உரிமைக்கு மாறாகும் என்று 1996ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கிறது. உரிமையுள்ளவன் தலைகுனிந்து நிற்கவேண்டியதில்லை.

ஆனால் சர்க்காரின் கடமை திட்டம் வகுத்தவுடன் தீர்ந்துவிடுவதில்லை. 1,20,000 ரூபாய்க்கு மேல் ஓராயிரம் சம்பாதிக்கும் குடும்பத்துக்குப் புற்றுநோய் சலுகை காட்டுமா? நோயாளியும் துணையும் பட்டணத்தில் மாதக்கணக்கில் தங்கும் வாடகைக்கும், சாப்பாட்டுக்கும், இழந்த கூலிக்கும் காப்பீட்டில் வழியில்லை. சிகிச்சைக்குப் பணம் இருந்தும், பஸ் சத்தத்துக்கு வழியின்றிச் சிகிச்சையைப் பாதியில் விடுவதைப்போன்ற கொடுமை வேறெது? இவை திருத்தப்படவேண்டும். அனைத்திலும் முக்கியமாக, நோய் இன்னதென்று தெரியும் அன்றைக்கே, நோயாளிக்கு எந்தெந்த உதவிகள் உண்டு என்பதைத் தமிழில் எழுதிக் கையிற் கொடுக்கும் கடமையை, சர்க்கார் ஆஸ்பத்திரி தனியார் ஆஸ்பத்திரி என்ற பேதமின்றி, ஒவ்வொரு வைத்தியசாலையின் மீதும் சட்டத்தின் மூலம் சுமத்தவேண்டுமென்று நாம் வற்புறுத்துகிறோம். அதற்குப் பெருஞ்செலவு ஒன்றுமில்லை. ஒரு தாள் போதும். அந்த ஒரு தாள் இருந்திருந்தால் நம்மிடம் வந்த நெசவாளியின் மனைவியின் நகைகள் இன்றும் அவள் பெட்டியில் இருந்திருக்கும்.

சட்டம் வரும்வரை நாம் கைகட்டி இருக்கலாமா? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அத்துயரத்தை வீட்டுக்குள் வைத்துப் புலம்பாமல் பொதுஜனங்களிடம் நன்கொடை திரட்டி, 1954ல் 12 படுக்கைகளோடு அடையாற்று வைத்தியசாலையைத் திறந்தார். நம்மிடம் கேட்கப்படுவது அவ்வளவு பெரிய காரியமன்று. ஒவ்வோர் ஊரிலும் வக்கீலோ, உபாத்தியாயரோ, கல்லூரி மாணவரோ வாரத்தில் ஒரு மாலைப்பொழுது அமர்ந்து, எழுதத் தெரியாதவருக்கு விண்ணப்பம் எழுதித் தரலாம். சான்றுக்காகத் தாலூகா காரியாலயத்துக்குக் கூடச் செல்லலாம். நமது காரியாலயத்தில் சனிக்கிழமை மாலைகளை இதற்கென ஒதுக்கியிருக்கிறோம். கிரயப் பத்திரம் எழுதக் கற்ற கை, அதற்குமுன் ஒரு விண்ணப்பம் எழுதப் பழகட்டும்.