நுளம்பை வளரவிடாத மருந்து

மழைக்காலம் தொடங்கினால் வெள்ளவத்தையில் நான் இருக்கும் தொடர்மாடியிலும் ஒவ்வொரு வீடாகக் கதவைத் தட்டி நுளம்புக் குடம்பி தேடுவார்கள். சுற்றிவளைப்பும் பொலிஸ் பதிவும் கண்ட எங்கள் சனங்களுக்கு அந்தத் தட்டலே பதற்றம்தான். ஆனால் இந்தத் தேடலுக்குக் காரணம் இருக்கிறது. 2017ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 1,86,000க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவாகினர். 400 பேருக்கு மேல் இறந்தனர்.

நுளம்பை நஞ்சூட்டிக் கொல்லாமல், வளரவிடாமல் தடுக்கும் மருந்தும் உண்டு. அதன் பெயர் பைரிபுரொக்சிபென்.

குடம்பியின் உடலில் இளம்பருவ ஓமோன் சுரக்கிறது. அது இருக்கும்வரை குடம்பி குடம்பியாகவே இருக்கும். அது குறைந்த பின்னரே கூட்டுப்புழுவாகி, சிறகு முளைத்து, நுளம்பாகப் பறக்கும். பைரிபுரொக்சிபென் அந்த ஓமோனைப் போலவே செயற்படுகிறது. ஓமோன் குறையவேண்டிய நேரத்திலும் குறையாததாக உடல் ஏமாறுகிறது. பெரும்பாலும் கூட்டுப்புழு நிலையிலேயே அது செத்துவிடும்.

அதனால் மருந்து போட்ட பின்னும் தண்ணீரில் குடம்பி நெளியும். "மருந்து வேலை செய்யேல்லை" என்று தொட்டியைக் கழுவி ஊற்றினால் மருந்தும் போய்விடும். நுளம்பு வெளிவருகிறதா என்பதையே பார்க்கவேண்டும்.

இது இலங்கையிலேயே பரிசோதிக்கப்பட்டது. எலஹெரப் பகுதியில் கைவிடப்பட்ட இரத்தினக்கல் குழிகளில் மலேரியா நுளம்பு பெருகியது. அங்கு இம்மருந்து இடப்பட்டபோது நுளம்பும் குறைந்தது, மலேரியாவும் குறைந்தது. ஆய்வு முடிவு 2001இல் வெளியானது.

குடிதண்ணீருக்கு ஆபத்தில்லையா? மனித உடலில் இளம்பருவ ஓமோன் இல்லை. லீற்றருக்கு 0.01 மில்லிகிராம் வரை குடிதண்ணீர்த் தொட்டிகளில் இடலாம் என்கிறது உலக சுகாதார அமைப்பு. 2016இல் பிரேசிலில் சிறிய தலையுடன் குழந்தைகள் பிறந்தபோது சிலர் இம்மருந்தைக் குற்றஞ்சாட்டினர். அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. காரணம் சிக்கா வைரஸ்.

ஆனாலும் நாமாக வாங்கி ஊற்றக்கூடாது. அளவு முக்கியம். வாய்க்காலில் கலந்தால் வேறு நீர்ப்பூச்சிகளும் இறால் போன்ற உயிர்களும் பாதிக்கப்படலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டே பயன்படுத்தவேண்டும்.

ஏற்கெனவே பறக்கும் நுளம்பை இது கொல்லாது. டெங்கு நுளம்பின் முட்டை காய்ந்த பாத்திரத்திலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். கொட்டாஞ்சேனை லொட்ஜின் மொட்டைமாடித் தாங்கியானாலும் வீட்டுப் பூச்சட்டித் தட்டானாலும், வாரம் ஒருமுறை தண்ணீரை ஊற்றிவிட்டு உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். அப்படிக் கழுவமுடியாத பெரிய தாங்கியை இறுக்கி மூடுங்கள்.