மின்கணப்பு வைத்தாலும் புகைபோக்கியை அடைக்காதீர்கள்

லண்டனில் தமிழர்கள் நிறையப் பேர் வாழும் ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பகுதிகளின் வரிசை வீடுகளில் பலவும் நூறாண்டைக் கடந்தவை. நிலக்கரி எரித்த கணப்பும் கூரைக்கு மேல் நீளும் செங்கல் புகைபோக்கியும் அவற்றில் இன்னும் நிற்கின்றன. 1952 டிசம்பரில் நகரை மூடிய நச்சுப்புகை ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. அதன் விளைவாக 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. பின்னர் எரிவாயுவும் ரேடியேட்டர்களும் பரவ, கணப்புகள் அணைந்தன. இப்போது அந்தக் குழிகளில் மின்கணப்பு பொருத்துகிறார்கள். புகையே வராதபோது புகைபோக்கி எதற்கு என்று மேலும் கீழும் அடைத்தும் விடுகிறார்கள். வீட்டுக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை.

பல்லாண்டுகள் நிலக்கரி எரிந்ததில், கரியோடு குளோரைடு, நைட்ரேட் போன்ற உப்புகளும் உட்சுவரில் ஊறிக் கிடக்கின்றன. இவை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையவை. தீ எரிந்த நாளில் சூடும் காற்றோட்டமும் சுவரை உலர்த்தின. இரண்டும் நின்றுபோனால் ஈரம் அங்கேயே தங்கி, உப்பைக் கரைத்துக்கொண்டு காரை வழியே அறைப்பக்கம் கசியும். தேநீர் சிந்தியது போன்ற பழுப்புக் கறை சுவரில் படரும். மேலே பெயின்ட் அடித்தாலும் திரும்ப வரும், ஏனென்றால் உப்பு காரைக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே முதலில் ஆள் வைத்துப் புகைபோக்கியைச் சுத்தம் செய்ய வேண்டும். காக்கை இனப் பறவைகள் கட்டிய சுள்ளிக்கூடுகூட உள்ளே இருக்கலாம். உச்சியில் மழையைத் தடுத்துக் காற்றை விடும் மூடி, கீழே குழியை மறைக்கும் பலகையில் ஒரு சிறு காற்றுச் சல்லடை: இந்த இரண்டும் இருந்தால் உட்சுவர் காய்ந்துகொண்டே இருக்கும்.

சல்லடை வழியே சூடு வெளியேறாதா என்று கேட்பது நியாயமே. கொஞ்சம் வெளியேறத்தான் செய்யும். ஆனால் அறையின் வெதுவெதுப்பைப் பெருமளவு இழுத்துச் செல்வது திறந்து கிடக்கும் முழுக் குழிதான். அதைப் பலகை தடுத்துவிடுகிறது. மேலும், ஈரச் செங்கல் உலர்ந்த செங்கல்லைவிட வேகமாகச் சூட்டை வெளியே கடத்தும். சல்லடையை அடைத்துச் சேமிப்பதாக நினைக்கும் சூட்டை நனைந்த சுவர் வழியே இழக்க நேரிடும்.

மின்கட்டணம் பற்றிய தயக்கமும் சரியானதே. பிரிட்டனில் ஒரு யூனிட் மின்சாரம் அதே அளவு எரிவாயுவைவிடப் பல மடங்கு விலை. 2 கிலோவாட் கணப்பு 3 மணி நேரம் எரிந்தால் 6 யூனிட் போகும். வீடு முழுவதையும் இதை வைத்துச் சூடாக்குவது கட்டுப்படியாகாது. மாலையில் எல்லோரும் கூடும் ஒரே அறைக்கு ஏற்றது. சூட்டை நிறுத்திவிட்டுத் தீச்சுடர் ஒளியை மட்டும் எரியவிட்டால் செலவு மிகக் குறைவு. சூடு தரும்போது இந்த 2 கிலோவாட் கணப்பு 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். சுவரிலுள்ள 13 ஆம்பியர் பிளக் தாங்கும், ஆனால் எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டக் கூடாது. குழிக்குள் புதிய பிளக் பாயின்ட் வேண்டுமென்றால் தகுதியுள்ள எலக்ட்ரீஷியனும், பழைய கேஸ் கணப்பைக் கழற்றப் பதிவுபெற்ற கேஸ் பணியாளரும் தேவை. வரிசை வீடுகளில் ஒரே புகைபோக்கிக் கட்டுமானத்தில் அண்டை வீட்டுப் புகைவழியும் ஏறுவதால், மூடி போடுமுன் அது உங்களுடையதுதானா என்று உறுதிசெய்ய வேண்டும். இடையிலுள்ள செங்கல் தடுப்பு சிதைந்திருந்தால், பக்கத்து வீட்டு விறகடுப்பின் கார்பன் மோனாக்சைடு உங்கள் பக்கமும் வரக்கூடும். உங்கள் கணப்பு மின்சாரத்தில் இயங்கினாலும், அந்த அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கட்டும்.