வீடு திரும்பும் முன் வாகனத்தையும் பரிசோதியுங்கள்

மருத்துவமனையிலிருந்து விடைபெறும் நாளில் குடும்பத்தினரின் கைகளில் பல தாள்கள் இருக்கும்: டிஸ்சார்ஜ் அறிக்கை, மருந்துச் சீட்டு, அடுத்த பரிசோதனைக்கான தேதி. இவற்றோடு இன்னொரு பரிசோதனையையும் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன். அது நோயாளியை ஏற்றிச் செல்லவிருக்கும் வாகனத்துக்கானது.

நோயாளி சிகிச்சையில் இருக்கும் இரண்டு மூன்று வாரங்களில் வீட்டுக் கார் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. நிற்கும் வாகனத்திலும் டயரின் காற்று மெல்லக் குறையும், பேட்டரி வலுவிழக்கும். அதையே திடீரென எடுத்துக்கொண்டு முகப்பேரிலிருந்து ஆவடிக்கோ பூந்தமல்லிக்கோ புறப்படுகிறோம். லாரிகள் விரையும் சாலையில் டயர் பழுதானால், நலமாக இருப்பவர் இறங்கி ஓரமாக நின்றுகொள்வார். அறுவைச் சிகிச்சை முடிந்து நான்கு நாள் ஆனவரால் அது எளிதில் இயலாது.

ஆகவே முதல் நாளே பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

டயர்: வண்டி ஓடிச் சூடாகும் முன்பு காற்றழுத்தத்தை அளவிடுவதே சரி. உரிய அளவு ஓட்டுநர் பக்கக் கதவின் சட்டத்திலோ கையேட்டிலோ இருக்கும். காரின் டயர் பள்ளங்கள் 1.6 மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். ஸ்டெப்னியையும் மறவாதீர்கள்.

பிரேக்: புறப்படும் முன் அழுத்திப் பாருங்கள். பெடல் மெத்தென்று தரைவரை இறங்கினால் மெக்கானிக்கிடம் காட்டாமல் வண்டியை எடுக்கக் கூடாது.

விளக்கும் வைப்பரும்: ஒருவரைப் பின்னால் நிறுத்திப் பிரேக் விளக்கையும் இண்டிகேட்டரையும் சரிபாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழைக்காலத்தில் வைப்பரின் ரப்பரையும் பாருங்கள். சூடான ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். பீறிடும் கொதிநீர் முகத்தைச் சுட்டுவிடும்.

சீட் பெல்ட்: பல கார்களில் பின்னிருக்கைப் பெல்ட்டின் கொக்கி சீட் உறைக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. அதை முன்னரே வெளியில் எடுத்து வையுங்கள். 2022 செப்டம்பர் 4 அன்று மகாராட்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் நேர்ந்த கார் விபத்தில் பின்னிருக்கையில் இருந்த தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி உயிரிழந்தார். அவர் பெல்ட் அணிந்திருக்கவில்லை எனக் காவல்துறை தெரிவித்தது. முன்னிருக்கையில் இருந்த இருவரும் உயிர் பிழைத்தனர். வயிற்றில் தையல் உள்ளவர்களும் பெல்ட்டைத் தவிர்க்கலாகாது. கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் அன்றி, இடுப்பெலும்பின் மீது தாழ்வாகப் படிய வேண்டும். அது தையலின் மீதே படுமாயின் புறப்படும் முன் மருத்துவரைக் கேளுங்கள்.

இருசக்கர வாகனம்: மறுபரிசோதனைக்குப் பலர் இதில்தான் வருகிறார்கள். சங்கிலியின் தளர்வு, பின்னிருப்பவரின் கால்தாங்கி, புடவை சக்கரத்தில் சிக்காமல் காக்கும் தடுப்பு ஆகியவற்றைப் பாருங்கள். தலைக்கவசம் இருவருக்கும் வேண்டும். தலைசுற்றல் உள்ளவரைப் பின்னால் அமர்த்த வேண்டாம்.

இறுதியாக, ஓட்டுபவர். இரவெல்லாம் நோயாளியின் அருகில் கண்விழித்தவர் வண்டி ஓட்ட ஏற்றவர் அல்லர். சளி, ஒவ்வாமைக்கான சில மாத்திரைகளும் உறக்கத்தைத் தருபவை. இன்சுலின் போட்டுக்கொள்பவர், ஓட்டும் முன் சர்க்கரை அளவைப் பார்த்தல் அவசியம். அது 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் ஓட்டவே கூடாது.

ஏதேனும் ஒன்று சரியில்லை எனில் வாடகைக் காரை அழையுங்கள். சில மணி நேரம் தாமதமாக வீடு சேர்வதால் கெடுதல் ஒன்றுமில்லை. வழியில் நோயாளிக்கு மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ தோன்றினால், வண்டியைப் பாதுகாப்பாக ஓரம் நிறுத்தி உடனே 108-ஐ அழையுங்கள்.