8 கிலோ குழந்தைக்கு எத்தனை மி.லி.? - குழந்தைகள் வார்டில் நர்சிங் மாணவி கற்கும் கணக்கு

ராத்திரி 11 மணி. குழந்தைக்குக் காய்ச்சல். வீட்டில் பாராசிட்டமால் பாட்டில் இருக்கிறது. ‘‘5 மி.லி. கொடுங்க, சரியாயிடும்’’ என்று உறவினர் ஒருவர் போனில் சொல்கிறார். சரி, கையில் இருப்பது சிரப்பா, டிராப்ஸா?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் மருந்தைத் தொடவே கூடாது என்பது, குழந்தைகள் வார்டில் நுழையும் நர்சிங் மாணவிக்குச் சொல்லித்தரப்படும் ஆரம்பப் பாடங்களில் ஒன்று. அந்தப் பயிற்சியில் வேறு என்னவெல்லாம் இருக்கிறது?

எப்போது, எங்கே பயிற்சி?

பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டுப் படிப்பு. இந்திய நர்சிங் கவுன்சில் 2021-ல் கொண்டுவந்த செமஸ்டர் பாடத்திட்டத்தில், குழந்தைகள் நலப் பாடம் 5, 6-வது செமஸ்டர்களில் வருகிறது. வகுப்பும் ஆய்வகமும் போக, மருத்துவமனையில் மட்டும் 240 மணி நேரப் பயிற்சி.

ராசிபுரம் போன்ற ஊரில் படிப்பவர்களுக்கு ஒரு பக்கம் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, இன்னொரு பக்கம் 2022 ஜனவரியில் தொடங்கப்பட்ட நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி. நடுவில் சொந்த ஊர் அரசு மருத்துவமனை. எந்த வார்டில் நின்றாலும் கற்க வேண்டியது ஒன்றுதான்: குழந்தை என்பது சின்ன சைஸ் பெரியவர் அல்ல.

எல்லாமே ஏன் எடையில் தொடங்குகிறது?

பெரியவருக்கு ‘ஒரு மாத்திரை’ என்று எழுதிவிடலாம். குழந்தைக்கு அப்படி முடியாது. பாராசிட்டமால் ஒரு வேளைக்கு, ஒரு கிலோ எடைக்கு 15 மி.கி. வரை என்பது வழக்கமான கணக்கு. 8 கிலோ குழந்தைக்கு 120 மி.கி.

5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப் என்றால் 5 மி.லி. போதும். ஆனால் டிராப்ஸ் பாட்டிலில் ஒரே மி.லி.யில் 100 மி.கி. இருக்கும். அதில் கொடுக்க வேண்டியது வெறும் 1.2 மி.லி. சிரப் என்று நினைத்து டிராப்ஸை 5 மி.லி. ஊற்றினால், குழந்தையின் வயிற்றுக்குள் போவது 500 மி.கி. ஒரு நாள் முழுக்க 4 வேளையாகக் கொடுக்கக்கூடிய உச்ச அளவே 480 மி.கி.தான்! அளவு மீறிய பாராசிட்டமால் கல்லீரலைக் கெடுக்கும்.

அதனால்தான் அட்மிஷன் ஆனதும் முதல் வேலை எடை பார்ப்பது. கனமான துணியைக் கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும். கணக்கை ஒருவர் போட, இன்னொருவர் தனியாகப் போட்டுச் சரிபார்க்க வேண்டும். ஒரு புள்ளி இடம் மாறினால் டோஸ் 10 மடங்கு ஏறிவிடும்.

டிரிப்ஸிலும் இதே கதைதான். பெரியவர்களுக்கான செட்டில் 15 அல்லது 20 சொட்டு சேர்ந்தால் 1 மி.லி. குழந்தைகளுக்கான மைக்ரோ டிரிப் செட்டில் 60 சொட்டு சேர்ந்தால்தான் 1 மி.லி. செட் மாறியது தெரியாமல் அதே வேகத்தில் சொட்டினால், குழந்தையின் உடம்பில் 3, 4 மடங்கு திரவம் ஏறும்.

பேசத் தெரியாத நோயாளியிடம் எப்படிக் கேட்பது?

‘எங்கே வலிக்குது?’ என்று கைக்குழந்தையிடம் கேட்க முடியாது. அதற்குப் பதிலாக, மூச்சை எண்ண வேண்டும். குழந்தை அழாமல் இருக்கும்போது, முழுசாக ஒரு நிமிடம்.

2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் இருந்தால் வேக மூச்சு. 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50. ஒரு வயது முதல் 5 வயதுக்குள் 40. அதாவது, 42 என்பது பிறந்த குழந்தைக்கு இயல்பு; 2 வயதுக் குழந்தைக்கு நிமோனியாவின் எச்சரிக்கையாக இருக்கலாம். எண்ணை மட்டும் எழுதினால் போதாது, வயதோடு சேர்த்துப் படிக்கப் பழக வேண்டும்.

அடுத்தது, அம்மா சொல்வது. ‘‘நேத்திலிருந்து பாலே குடிக்கலைங்க சிஸ்டர், துவண்டு துவண்டு விழுதுங்க’’ என்று ஒரு தாய் சொன்னால், அது புலம்பல் அல்ல. கேஸ் ஷீட்டில் ஏற வேண்டிய தகவல். பால் குடிக்க முடியாமை, குடித்ததெல்லாம் வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் சோர்ந்து கிடப்பது ஆகிய நான்கும் அபாய அறிகுறிகள். மாணவி உடனே ஸ்டாஃப் நர்ஸிடம் ஓட வேண்டிய நேரம் அது.

கையில் கட்டும் பட்டை எதற்கு?

குழந்தைக்குத் தன் பெயரைச் சொல்லத் தெரியாது. ஒவ்வொரு மருந்துக்கு முன்பும், யாரிடமும் குழந்தையைக் கொடுக்கும் முன்பும், கையிலோ காலிலோ உள்ள அடையாளப் பட்டையைப் பார்க்க வேண்டும்.

இதன் முக்கியத்துவம் ராசிபுரத்துக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2019 ஏப்ரலில், குழந்தை விற்பனை பற்றிய ஆடியோ ஒன்று வெளியாகி மாநிலத்தையே அதிரவைத்தது இங்கேதான். ஓய்வுபெற்ற செவிலியர் உதவியாளர் உட்படச் சிலர் கைதானார்கள். வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. செவிலியர் உடை மீது தாய்மார்கள் வைக்கும் நம்பிக்கை எவ்வளவு பெரியது, அது உடைந்தால் என்ன ஆகும் என்பதை அந்த வழக்கு காட்டியது. பட்டையைப் பார்ப்பதும் பதிவேட்டில் எழுதுவதும் வெறும் சம்பிரதாயம் இல்லை.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன?

* குழந்தையின் தற்போதைய எடையை போனில் குறித்து வையுங்கள்.
* மருந்து பாட்டிலில் ‘ஒரு மி.லி.யில் எத்தனை மி.கி.’ என்று பாருங்கள். சிரப்புக்கான அளவை டிராப்ஸுக்குப் பயன்படுத்தாதீர்கள்.
* சமையலறை ஸ்பூன் வேண்டாம். மருந்தோடு வரும் மூடி அல்லது ஊசியில்லாத சிரிஞ்ச் போதும்.
* 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டு வைத்தியம் கூடாது. நேராக டாக்டரிடம் போய்விடுங்கள்.

அடுத்த முறை ஆஸ்பத்திரியில் ஒரு பயிற்சி மாணவி வந்து, ‘‘எடை எவ்வளவுங்க?’’ என்று மறுபடியும் கேட்டால், ‘இப்பத்தானே சொன்னேன்’ என்று சலித்துக்கொள்ளாதீர்கள். அவர் கணக்கைச் சரிபார்க்கிறார்.